ஸ்டெப்னி இல்லாத காருக்கு டயர்

நான் வைத்திருப்பது 2002-ஆம் ஆண்டுக் கார்வெட். அதில் ஸ்டெப்னி கிடையாது. வைக்க இடமும் கிடையாது. 1997-இல் வந்த இந்த ஐந்தாம் தலைமுறைக் காரை, காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயர்களோடுதான் செவர்லே விற்றது. அவை தேய்ந்தபோது மறுபடி அதையே போடுவதா, சாதாரண டயருக்கு மாறுவதா என்று வாரக்கணக்கில் குழம்பினேன்.

இதே கார் வைத்திருக்கும் நண்பர்கள் மாறச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் நியாயமானவை. ரன்-ஃப்ளாட்டின் பக்கச் சுவரில் ரப்பர் தடிமன்; காற்று இல்லாதபோது வண்டியின் எடையை அதுதான் தாங்குகிறது. காற்று இருக்கும் நாளிலும் அந்த விறைப்பு போவதில்லை. சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகில் தெரியும். சத்தம், எடை, விலை எல்லாமே கூடுதல். செவர்லேயே 2001-இல் கொண்டுவந்த இசட்06 மாடலில் எடையைக் குறைக்க ரன்-ஃப்ளாட்டைக் கைவிட்டுச் சாதாரண டயரைப் போட்டது. கூடவே பஞ்சர் அடைக்கும் பசையைக் கொடுத்தது. பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்த வண்டிக்கு அது சரியான முடிவு.

என்னைத் தடுத்தது பயம். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நடுவில் அதைச் சொல்லத் தயங்கினேன். சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோவுக்கு ஐ-10 நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவன் நான். பக்கத்தில் பெரும்பாலும் அம்மா இருப்பார். ஓசோனாவைத் தாண்டினால் ஃபோர்ட் ஸ்டாக்டன் வரை 100 மைலுக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி ஊர் இல்லை. வேக வரம்பே மணிக்கு 80 மைல். டெக்சாஸ் கோடை வெயிலில், லாரிகள் பாய்ந்து போகும் சாலையோரத்தில் வயதான அம்மாவை உட்காரவைத்துவிட்டு இழுவை வண்டிக்குக் காத்திருக்க எனக்கு மனம் இல்லை. பசை, ஆணி குத்திய சிறு ஓட்டையை அடைக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது.

இன்றைய ரன்-ஃப்ளாட்டுகளில் பெரும்பாலானவை காற்றில்லாமல், மணிக்கு 50 மைலுக்கு மிகாமல் போனால், 50 மைல் வரை ஓடும். அந்த வெட்டவெளியின் நடுவில் காற்றுப் போனாலும் ஏதோ ஒரு பக்கத்து ஊரை எட்டிவிடலாம், அல்லது அதன் அருகிலாவது போய்விடலாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான்கையும் ரன்-ஃப்ளாட்டாகவே போட்டேன்.

போட்டபோது கற்றவை முக்கியமானவை. இந்த டயர் காற்றுப் போனாலும் தொய்ந்து காட்டாது. அழுத்தம் காட்டும் சென்சார் இல்லாவிட்டால் ஓட்டுபவருக்குத் தெரியாமலே போகலாம். பழைய சென்சார்களின் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது என்பதால், டயர் கழற்றியிருந்த அந்த நேரத்திலேயே சென்சார்களையும் மாற்றினேன். டயரின் பக்கவாட்டில் இருக்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பல ஆண்டு கிடங்கில் கிடந்ததை வாங்காதீர்கள். காற்றில்லாமல் ஓடிய டயருக்கு ஒட்டுப் போட்டு மறுபடி ஓட்டாதீர்கள், உள்ளே சூட்டில் நைந்திருப்பது வெளியே தெரியாது.

பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டுபவர் என்றால் சாதாரண டயரும் பசையும் காற்றடிக்கும் கருவியும் போதும். பயணமும் சுகமாக இருக்கும். நெடுந்தூரம் போகிறவர் ரன்-ஃப்ளாட்டை விடாதீர்கள். இந்தக் காருக்கு முன்னால் 17 அங்குலம், பின்னால் 18 அங்குலம்; எல்லாக் கடையிலும் இரண்டும் இருப்பில் இருக்காது. தேய்ந்து முடியும் முன்பே சொல்லிவையுங்கள்.