அசோகம் என்ற பெயரில் நின்ற மரம்

கையால் வைத்து வளர்த்த மரத்தை வெட்டலாகாது என்பது பெரியோர் வாக்கு. அம்மரமே பூசைக்கான செடிகள் தழைக்க இடமின்றிச் செய்துவிட்டால் இல்லத்தார் என்ன செய்வது? கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், 72 வயது மூதாட்டி ஒருவரை இக்கேள்வி நெடுநாள் வருத்திற்று.

அவர் இல்லத்தின் வடபுறத்தில், வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே ஒரு நீண்ட பாத்தி உண்டு. கிழக்கே அண்டை வீட்டு மாடி மறைப்பதால் அங்கு வெயில் சிறிது நேரமே விழும். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கணவர் அங்கே ஒரு கன்றை நட்டார். விற்றவர்கள் அதை ‘அசோகமரம்’ என்று சொல்லிக் கொடுத்தனர். சீதாப்பிராட்டி சிறையிருந்த வனத்தின் மரம், சோகம் தீர்க்கும் மரம் என்ற பக்தியோடு நாள்தோறும் கிணற்று நீர் வார்த்து அவர் அதை வளர்த்தார். அவர் மறைந்த பின்பும், அம்மூதாட்டி அதன் அடியில் ஒரு செம்பு நீர் ஊற்றிய பிறகே அடுக்களைக்குள் நுழைவார்.

மரமோ மாடியையும் தாண்டி ஓங்கிவிட்டது. சருகுகள் கிணற்றில் விழுந்தன. வேர்கள் பாத்தி முழுவதும் பரவின. நந்தியாவட்டை பட்டுப்போயிற்று, கனகாம்பரம் மெலிந்து மறைந்தது. பிரதோஷத்திற்குக் கூடப் பூவை விலை கொடுத்து வாங்கும் நிலை வந்தது. மரத்தை எடுத்துவிடலாம் என்று புதல்வர்கள் பலமுறை சொல்லியும், “அது உங்கள் அப்பா வைத்தது” என்ற ஒரே விடையே கிடைத்தது.

ஊர்க் கோயில் குருக்கள் ஒருநாள் அந்த மரத்தை உற்று நோக்கி உண்மையைச் சொன்னார். அது அசோகம் அன்று, நெட்டிலிங்கம். அலை போன்ற விளிம்புடைய நீண்ட இலையும், கண்ணில் படாத இளம்பச்சைப் பூவும் அதற்கு அடையாளம். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அழகுக்காக வரிசையாக நிற்பது அதுவே. மெய்யான அசோகத்தில் சிற்றிலைகள் இணை இணையாக அமைந்திருக்கும். முதிர்ந்த கிளைகளிலும் அடிமரத்திலும் செம்மஞ்சள் பூங்கொத்துகள் பூத்து, நாளடைவில் சிவக்கும்.

மூதாட்டி கலங்கிப்போனார். மரம் போவதைவிட, கணவரின் சங்கற்பம் வீணாயிற்றோ என்பதே அவர் துயரம். குருக்கள் சொன்னார்: “மாமி, அவர் வார்த்த ஒவ்வொரு செம்பு நீரும் அசோகத்தை நினைந்து வார்த்ததுதானே? கன்று மாறியிருக்கலாம், அவர் நினைவில் பிழையில்லை.”

மரத்தை எடுப்பதற்கும் முறை உண்டு என்று அவர் விளக்கினார். வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதை, தெய்வத் திருமேனிக்காக மரம் எடுக்கும் விதியைக் கூறுகிறது. முதல்நாள் இரவு மரத்திற்குப் பூசையும் நிவேதனமும் செய்து, அதில் வாழும் உயிர்கள் வேறிடம் செல்லுமாறு வேண்டிக்கொள்ள வேண்டும். மறுநாள் விடியலில், தேனும் நெய்யும் பூசிய கோடரியால் வெட்டத் தொடங்க வேண்டும் என்பது அந்நூலின் விதி. இல்லத்து மரத்திற்கும் அந்தப் பணிவு பொருந்துமென மூதாட்டி ஒப்புக்கொண்டார். கூட்டிலிருந்த காக்கைக் குஞ்சுகள் பறந்து போகும்வரை அனைவரும் காத்திருந்தனர். ஆவணியில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து வணங்கியபின் மரம் இறக்கப்பட்டது.

அதன் இடத்தில் எதை வைப்பது? வெயில் விழாத பாத்தியில் துளசியும் செம்பருத்தியும் செழிப்பதில்லை. அசோகமோ மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், ஓடைகளின் ஓரமாகப் பெருமரங்களின் நிழலில் வளர்வது. நிழலும் ஈரமும் அதற்கு இயல்பானவை. மருந்துக்காகப் பட்டை உரிக்கப்பட்டுக் காடுகளில் அருகிவரும் மரம் ஆதலால், அதை வளர்ப்பதே ஒரு தொண்டு. ஸ்ரீராமநவமிக்கு முன்னாள் வரும் அசோகாஷ்டமியில் அதன் மொட்டுகளை உண்டு விரதம் காப்பது வங்கத்தில் வழக்கம். புவனேசுவரத்தில் லிங்கராஜர் தேரேறுவதும் அந்நாளிலேயே.

“இது மெல்ல வளரும் மரமாயிற்றே, பூப்பதை நான் காண்பேனா?” என்று மூதாட்டி கேட்டார். “நிழலில் இளைப்பாறுவது தாமாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியா அக்காலத்தில் சாலையோரம் புளி நட்டார்கள்?” என்றார் குருக்கள்.

பழைய அடிக்கட்டையிலிருந்து மூன்றடி தள்ளிக் குழி எடுத்து, செம்மண்ணும் மக்கிய சாணமும் இலைமக்கும் இட்டு, ஐப்பசி மழையில் அசோகக் கன்றை நட்டனர். நெட்டிலிங்கத்தின் சருகுகளே அதன் அடியில் மூடாக்காயின. சற்று வெளிச்சம் படும் ஓரத்தில் நந்தியாவட்டையும் கனகாம்பரமும், மதிலோரம் வெற்றிலைக் கொடியும் இடம்பெற்றன.

இரண்டு ஆண்டுகள் சென்றுவிட்டன. அசோகம் இன்னும் பூக்கவில்லை. செம்பு நிறத் தளிர்கள் கொத்தாகத் தலைகவிழ்ந்து தொங்குகின்றன. பிரதோஷத்தன்று நந்தியுடைய கழுத்துக்கு அந்தப் பாத்தியின் நந்தியாவட்டை மாலையாகச் செல்கிறது. காலையில் ஊற்றும் ஒரு செம்பு நீரை, கணவர் விரும்பிய மரத்திற்கே இப்போது வார்ப்பதாக மூதாட்டி சொல்கிறார்.