சுபஹுக்கு முந்திய கிணற்றடி

நாவிதன்வெளியில் எங்கள் வளவுக்குள் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்திருந்த இரவை விடியற்காலைக் கிணறு சொல்லிவிடும். குளிப்புக் கடமையானவர்கள் சுபஹ் தொழுகைக்கு முன் தலையோடு முழுகியாக வேண்டும். கப்பி உருளும் சத்தத்திலேயே தங்கச்சிக்கு விளங்கிவிடும். ஈரத் தலையைத் துவாயால் கட்டிக்கொண்டு குசினிக்குள் போனால், "என்ன புள்ள, இந்தக் குளிருக்குள்ள தல முழுகியிருக்காய்?" என்று சாச்சி தெரியாதவபோலக் கேட்பா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேங்காய் துருவுவேன். இன்றைக்கு என் ஏக்கமெல்லாம் அந்த வெட்கத்தின் மேல்தான்.

புற்றுநோயில் போன மார்புக்காக ஏங்குகிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கும் அழுதேன்தான். மருந்து ஏற்றியபோது கொட்டிய முடி திரும்ப வளர்ந்துவிட்டது. திரும்பாதது மச்சானுடைய கை.

கல்முனைக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். மச்சானும் அப்படித்தான் கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி இங்கே வந்தார். நான் நோயில் விழுந்தபோது உம்மாவும் சாச்சியும் பக்கத்திலேயே இருந்தது பெரிய பலம். அவர்கள்தான் அவருடைய பாயை விறாந்தையில் போட்டார்கள். "அவட உடம்பு தாங்காது, மகன்." என் மேல் உள்ள பாசத்தில் சொன்னது. சிகிச்சை முடிந்தது, இரண்டு போகம் வெட்டியும் ஆயிற்று, பாய் உள்ளே வரவில்லை. வாந்தியை ஏந்தியதும் புண்ணைத் துடைத்துக் கட்டியதும் அவர் கைதான். அதற்குப் பிறகு அந்தக் கைக்கு நான் நோயாளியாகவே இருந்துவிட்டேன். விளக்கை அணைக்கவே விடாத மனுஷன், நான் உடுப்பு மாற்றும்போது மரியாதையாக எழுந்து வெளியே போகிறார். அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

படுக்கை விஷயத்தை யாரிடம் கேட்பது? கிளினிக் கொப்பியில் இரத்த அளவு இருக்கிறது, எடை இருக்கிறது. இதற்கு ஒரு வரி இல்லை. பலதைப் பிந்தித்தான் அறிந்தேன். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, சேர்ந்தாலும் ஒட்டாது. மருந்து ஏற்றும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. ஏற்றிய பிறகு சில நாட்களுக்கு ஆணுறை தேவை. கீமோ பலருக்கு மாதவிடாயை முன்கூட்டியே நிறுத்திவிடும். அதனால் உள்ளே வறண்டு, சேரும்போது நோகும். பெண்ணின் ஆசை செத்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்கும் ஜெலி பார்மசியில் கிடைக்கிறது. ஹோர்மோன் கலந்த கிறீம்களை மட்டும் புற்றுநோய் டொக்டரிடம் கேளாமல் தொடக் கூடாது. அடிவயிற்றுக்குக் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடித்த பெண்களுக்கு யோனி இறுகிப்போகலாம். அதற்கும் பயிற்சியும் கருவியும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். கேட்க எங்களுக்கு வாய் வராது.

ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்: "மச்சான், உள்ளுக்கு வந்து படுங்களன்."

"ஒனக்கு நோகுமெண்டு பயம் புள்ள" என்றார்.

அவர் அருவருக்கிறார் என்று நினைத்து நான் தழும்பை மறைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் நோவுக்குப் பயந்து விறாந்தையில் கிடந்திருக்கிறார். பாய் உள்ளே வந்துவிட்டது. பழைய இரவுகள் இன்னும் வரவில்லை. தழும்பில் அவர் விரல் பட்டால் இரண்டு பேருக்கும் மூச்சு நின்றுவிடுகிறது. ஆனாலும் இப்போது சேர்ந்து பயப்படுகிறோம்.

இந்த நோயை நேரத்தோடு கண்டுபிடிக்க 1996 முதல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதுப் பெண்களைக் கூப்பிட்டு மார்பையும் கருப்பைக் கழுத்தையும் சோதிக்கிறார்கள். 35 ஆனவர்கள் வெட்கப்படாமல் போங்கள். வீடு வீடாக வரும் மிட்வைப் தங்கச்சிமாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்த பெண்ணிடம் காய்ச்சலையும் சாப்பாட்டையும் விசாரித்த பிறகு, "நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கிங்க?" என்றும் கேளுங்கள். புருஷனையும் பக்கத்தில் இருத்திவைத்துக் கேளுங்கள்.