கூட்டின் எடையும் நூலின் எடையும்

1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்து, மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்துக்குப் போன கொள்ளேகால், பட்டு நெசவால் பெயர் பெற்ற ஊர். பட்டுத் தொழிலில் ‘ரெண்டிட்டா’ என்றொரு கணக்கு உண்டு. ஒரு கிலோ கச்சாப் பட்டு நூல் எடுக்க எத்தனை கிலோ பட்டுக்கூடு வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. 6 அல்லது 7 கிலோவில் நூல் இறங்கினால் கூடு நயமானது; 10 கிலோ வேண்டியிருந்தால் வாங்கியவருக்குக் கை நட்டம். ஆகவே கூடு வாங்குபவர் குவியலின் அளவில் மயங்காமல், ஒரு பிடி எடுத்து ஓட்டின் கெட்டியை விரலால் அழுத்திப் பார்த்து, எவ்வளவு நூல் தேறும் என்று மனத்துக்குள் கணக்கிட்ட பிறகே விலை பேசுகிறார். கையிருப்புக் குறைவாக உள்ள நிலையில் டிஜிட்டல் கேமரா வாங்க முனைபவருக்கும் வேண்டியது இந்தக் கணக்குதான்.

கேமரா விற்பனையில் குவியலின் இடத்தில் நிற்பது மெகாபிக்சல், அதாவது ஒரு படம் எத்தனை பத்து லட்சம் புள்ளிகளால் ஆனது என்னும் எண். 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா வெறும் 10,000 புள்ளிகளில் படமெடுத்து, அதை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு புள்ளியும் அருமையானதுதான். இன்றோ, 8க்கு 10 அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சிட 72 லட்சம் புள்ளிகளே போதும் என்பதால், அதற்கு மேல் எண் ஏற ஏறப் பயன் அதே வேகத்தில் ஏறுவதில்லை.

நூலுக்கு நிகரானது ஒளி. அதை வாங்கிக்கொள்ளும் சில்லான சென்சார், சிறிய கேமராக்கள் பலவற்றில் ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டரும், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் காணப்படும் ஏபிஎஸ்-சி வகையில் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீட்டரும் இருக்கிறது. பரப்பில் பின்னது முன்னதைப் போல் ஏறத்தாழ 13 மடங்கு. ஒளியை உள்ளே விடுவது லென்ஸ். அதன் துளையின் அளவைக் குறிக்கும் ‘எஃப்’ எண் சிறிதானால் துளை பெரிது என்று பொருள். கேமராவோடு சேர்த்துத் தரப்படும் 18-55 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள கிட் லென்ஸ், 55இல் எஃப் 5.6 வரையே திறக்க, விலை குறைந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 1.8 வரை திறந்து ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. லென்ஸ் நீங்கலான கேமரா உடலாகிய பாடியின் மதிப்பு புதிய மாடல் வந்ததும் சரிந்துவிட, நல்ல லென்ஸ் அடுத்த பாடியிலும் தொடர்ந்து உழைக்கும் என்பதால், பணத்தில் பெரும்பங்கை லென்ஸுக்கு ஒதுக்குவதே சிக்கனம்.

ஆனால் எதைப் படமெடுப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் முடிவதில்லை. கொள்ளேகாலை அடுத்த பிளிகிரிரங்கன் மலையின் மரநிழலில் பறவையைத் தேடுபவருக்குக் குறைந்தது 300 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குச் சேலை காட்டும் கடைக்காரருக்கோ, அந்தச் செயலி பொதுவாகப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால், கையிலுள்ள கைபேசியோடு இரண்டு நல்ல விளக்குகளே போதுமானவை. கேமரா வாங்கவே வேண்டாம் என்பதும் ஒரு நேர்மையான முடிவுதான்.

2019 ஜனவரியில் டிஜிட்டல் கேமராக்கள் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகும், புதியதை எட்ட முடியாதவர்களுக்குப் பழைய கேமரா ஒரு வழியாக இருக்கிறது. அதில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஷட்டர் கவுண்ட், அதாவது ஒளியை மறைத்துத் திறக்கும் திரை இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்னும் எண்ணிக்கை. மற்றொன்று பூஞ்சை; லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனை வழியே பார்த்தால், ஈரத்தில் கிடந்த கண்ணாடிக்குள் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும்.

இத்தனையும் பார்த்து வாங்கிய கேமராவுக்கும் எட்டாத ஒன்று பட்டில் உண்டு. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த மயில்கழுத்துச் சேலை, நேரே பார்த்தால் நீலமாகவும் சற்றே சாய்த்தால் பச்சையாகவும் மின்ன, ஒரு கோணத்தில் நிற்கும் கேமரா இரண்டில் ஒன்றையே பெரிதும் காட்டுகிறது. சன்னல் வெளிச்சத்தில் முந்தானையை மடித்து, ஒரு மடிப்பு நீலமாகவும் அடுத்தது பச்சையாகவும் விழும்படி விரித்து வைப்பவருக்கு இரண்டும் ஒரே படத்தில் கிடைத்துவிடுகின்றன. அந்த மடிப்பை வைக்கத் தெரிந்த கைக்கு விலை உயர்ந்த கேமராவும் மலிந்த கேமராவும் அநேகமாக ஒன்றுதான்.