சாப்பிட்டாச்சு

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவின் வயர் கூடையை முதலில் பிடுங்குவது யார் என்று எனக்கும் அண்ணனுக்கும் வாசலிலேயே சண்டை நடக்கும். கூடையின் அடியில் டிபன் பாக்ஸ். அதன்மேல் மடித்த துண்டு. துண்டின்மேல் செய்தித்தாளில் பொதிந்து நூல் சுற்றிய பொட்டலம். உள்ளே இரண்டு கப் கேக். எந்த வாரமும் மூன்று இருந்ததில்லை.

"உனக்கு எங்கம்மா?"

"நான் கடையிலயே சாப்பிட்டாச்சு."

இந்த ஒரு வரியை வைத்து நான் ஏறக்குறைய இருபது வருடம் பிழைத்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அம்மா சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கம் அதை ஃபேக்டரி என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அச்சாபீஸ், எல்லாமே ஆபீஸ்தான். அவளுக்குப் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி, அடைத்தால் இவ்வளவு என்று கூலி. விடிவதற்குள் ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் அதே வண்டி கொண்டுவந்து விடும். சனிக்கிழமை மட்டும் அம்மா டவுன் பஸ்ஸில் வருவாள். ஒரு மணி நேரம் லேட்டாகும். "சம்பளம் போட லேட்டு" என்பாள். சம்பளக் கவரை அப்பாவிடம் நீட்டுவாள். அவர் எச்சில் தொட்டு எண்ணுவார். அந்த நேரத்தில் நாங்கள் கேக்கைப் பிரித்துக்கொண்டிருப்போம்.

கப் கேக் என்றதும் தலையில் கிரீம் கோபுரமும் அதன்மேல் கலர் மணிகளும் ஞாபகம் வந்தால், அது இல்லை. இது மொட்டை. கொசுவம் வைத்த மாதிரி மடிப்பு மடிப்பான வெள்ளைப் பேப்பர் கிண்ணம், அதில் மஞ்சளாக ஒரு கேக். மேலே லேசாக வெடித்திருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வெடிப்பில் ஒரு டூட்டி ஃப்ரூட்டி. பேப்பரை உரித்தால் கேக்கில் கால்வாசி பேப்பரோடு போய்விடும். அந்தக் கால்வாசிதான் எங்களுக்கு விசேஷம். ஒவ்வொரு மடிப்பாக விரித்து முன்பல்லால் சுரண்டித் தின்போம். அண்ணன் பேப்பரையே மென்று துப்புவான்.

பெயரில் இருக்கும் கப், இந்தப் பேப்பர் கப் வருவதற்கு ரொம்ப முந்தியது. அமீலியா சிம்மன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1796இல் போட்ட சமையல் புத்தகத்திலேயே சின்னக் கோப்பைகளில் சுடும் கேக் ஒன்று இருக்கிறது. எலைசா லெஸ்லி 1828இல் 'கப் கேக்' என்ற பெயரையே போட்டுவிட்டார். தராசு வேண்டாம், கோப்பையால் அளந்து போட்டால் போதும் என்பதால் வந்த பெயர் என்றும் சொல்கிறார்கள். வீட்டில் தராசு இல்லாத பெண்களுக்குத் தோதான கேக். எனக்குப் பிடித்தது இந்தக் கதைதான்.

காலேஜ் இரண்டாம் வருடத்தில் அம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மூன்றாவது கேக் பற்றிய கட்டுரை. இரண்டு ரூபாய் இல்லாமல், பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கி வந்து, தான் சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொல்லும் தாய். அது பொய் என்பதற்கு என்னிடம் ஆதாரம்கூட இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் பொம்பளைகள் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பெஞ்சு ஆம்பளைகளுக்கும் சிகரெட்டுக்கும். பொம்பளைகளுக்கு ரோட்டோரம் நின்று பார்சல். அப்புறம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாள்?

கட்டுரைக்கு முதல் பரிசு. ஆண்டு விழாவில் மேடையில் வாசிக்கச் சொன்னார்கள். நானே இரண்டு இடத்தில் தொண்டை அடைத்து நின்றேன். டீச்சர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா இரண்டாவது வரிசையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். கீழே இறங்கி வந்ததும், "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"நல்லாருந்துச்சு," என்றாள். பிறகு, "இது யாரு அம்மா?" என்று கேட்டாள்.

அவள் அடக்கமாகச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். அதையும் அடுத்த கட்டுரையில் பயன்படுத்தினேன். நான் வெட்கப்படும் பல விஷயங்களில் இது ஒன்று.

போன வருடம் சென்னையில் ஆபீஸில் ஒரு பிறந்தநாள். தலைக்கு ஒரு கப் கேக் வந்தது. ஒன்று 160 ரூபாயாம். எல்லோரும் ஸ்பூனால் கிரீமை வழித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசிக்கொண்டே பேப்பரை உரித்து, மடிப்பை விரித்து, பல்லால் சுரண்டப் போனேன். சுரண்ட அதில் ஒன்றுமே இல்லை. வழுவழுவென்று கழற்றிப்போட்ட சட்டை மாதிரி வந்திருந்தது. பக்கத்து சீட்டுப் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சாத்தூர் போக வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். ஊரில் இப்போது எங்களுக்கு வீடு இல்லை. அப்பா போன பிறகு அம்மா திருப்பூரில் அண்ணனோடு இருக்கிறாள். ஒரு கேக் சாப்பிடுவதற்காக 500 கிலோமீட்டர் போவதாக யாரிடமும் சொல்லவில்லை.

மதுரையில் ஏறிய திருநெல்வேலி பஸ் பைபாஸிலேயே இறக்கிவிட்டது. வைப்பாற்றில் வழக்கம்போல மணல்கூட மிச்சமில்லை, கருவேலம்தான். இந்த வட்டாரத்தை நாக்கை வைத்தே வரைபடம் போட்டுவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், தூத்துக்குடி என்றால் மக்ரூன், சாத்தூர் என்றால் சேவும் வெள்ளரிக்காயும். பால்கோவாவுக்கு 2019இலும் கடலைமிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. சாத்தூர் கப் கேக்குக்கு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. எந்த ஊர் பேக்கரியிலும் அது இருக்கும்.

கடை அதே இடத்தில் இருந்தது. கண்ணாடி அலமாரி புதுசு. உள்ளே தேங்காய் பன், ஹனி கேக், வெண்ணெய் பிஸ்கட், ரஸ்க், பஃப்ஸ். கீழ்த்தட்டில் ஒரு டிரே நிறைய கப் கேக். விலை 15 ரூபாய். அம்மா பெட்டி அடைத்த காலத்தில் தீப்பெட்டி 50 பைசா, கேக் 2 ரூபாய். ஒரு கேக்குக்கு நாலு பெட்டி. தீப்பெட்டி 2007இல் ஒரு ரூபாயாகி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. இன்றைக்கு ஒரு கேக்குக்கு ஏழரைப் பெட்டி. அரைப் பெட்டியை எப்படி அடைப்பது என்று தெரியவில்லை.

கல்லாவில் எழுபது தாண்டிய அண்ணாச்சி. ஒரு கேக்கும் டீயும் சொன்னேன். நான் பெஞ்சைப் பார்த்துத் தயங்கினதைக் கவனித்து, "உக்காரும்மா, இப்ப எல்லாரும் உக்காருதாக" என்றார். உட்கார்ந்தேன்.

முதல் கடி. உண்மையைச் சொல்கிறேன், சுமார்தான். காய்ந்திருந்தது. வெனிலா எசன்ஸ் மூக்குக்கு முதலில் வந்தது, ருசி அப்புறம் நடந்து வந்தது. மேலண்ணத்தில் டால்டா ஒரு படலமாக ஒட்டிக்கொண்டது. ஆனால் பேப்பர்! கால்வாசி கேக் பேப்பரில் இருந்தது. சுரண்டினேன். அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொழுப்பு கம்மியாப் போட்டா பேப்பர்ல பிடிக்கத்தான் செய்யும்," என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "இது கரண்டு ஓவன். அப்ப விறகு அடுப்பு இருந்துச்சு. காலையில உள்ள விறகைப் போட்டு எரிச்சு, கங்கை வெளிய இழுத்துட்டு, அந்தச் சூட்டுல முதல்ல பிரெட்டு, பன்னு. சூடு கொஞ்சம் இறங்குன பெறகுதான் கேக்கு. கடைசியா ரஸ்க்கு. கேக்கு வெளிய வர மதியம் ஆயிரும். மூலையில இருக்கிற பத்துப் பதினஞ்சு கருகிரும். அதை யாரும் வாங்க மாட்டாக."

கொஞ்சம் நிறுத்தி, "ஒரு மூணு பேரைத் தவிர" என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். சனிக்கிழமை சம்பளத்தன்று தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மூன்று பெண்கள் வருவார்களாம். முன்னால் உட்கார மாட்டார்கள். அண்ணாச்சியின் மனைவி பின்வாசல் வழியாக அடுப்படிக்குக் கூட்டிப் போய்விடுவார். அங்கே மைதா மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். டீ. ஆளுக்கு ஒரு கேக், கருகினது. பழைய பேப்பரில் சினிமா விளம்பரத்தை ஒருத்தி சத்தமாக வாசிப்பாள், மற்ற இரண்டு பேரும் அதற்கு நக்கலடிப்பார்கள். "அவுக சிரிக்கிற சிரிப்புல மாஸ்டர் எந்திரிச்சு வெளிய வந்துருவாரு. இந்தப் பொம்பளைக இருக்கிற வரைக்கும் நான் உள்ள போகலன்னு என்கிட்ட வந்து நிப்பாரு."

எனக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது. போனில் அம்மாவின் படத்தைத் தேடினேன். அண்ணன் மகன் காதுகுத்தில் எடுத்தது. நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அட, இவுகதான் பேப்பர் வாசிக்கிறவுக! சிவப்பும் வெள்ளையுமா ஒரு வயர் கூடை வச்சிருப்பாக. இவுக சில வாரம் ரெண்டு கேக்கு சாப்பிடுவாக. அம்மாவா? நல்லாருக்காகளா?"

நல்லா இருக்காங்க என்றேன். சுகர் இருக்கிறது என்றேன். வேறு என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. காசு கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன்.

நடக்கும்போது கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஒரு முதல் பரிசு, ஒரு கவிதை, தோழிகளிடம் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய ஒரு கதை. அத்தனைக்கும் அடியில் இருந்த பட்டினியை உருவிவிட்டார்கள். அப்புறம் அந்த மைதா மூட்டையை யோசித்தேன். அம்மா சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. வீட்டில் சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். வாசிப்பாள் என்பதே எனக்குத் தெரியாது. என் கட்டுரைகளில் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், வேறு ஒருத்தி அந்த அடுப்படியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் அவளை இரண்டு ரூபாய்க்கு வழியில்லாதவளாக ஊர் முன்னால் நிறுத்திவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து போன் போட்டேன்.

"எங்கடி இருக்க, ஒரே சத்தமா இருக்கு?"

"சாத்தூர்ல. அண்ணாச்சி பேக்கரிக்குப் போனேன். எல்லாத்தையும் சொல்லிட்டார்."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு சிரித்தாள். போனில் பொத்த முந்தானை இல்லை.

"நான்தான் வாராவாரம் சொன்னேனே, சாப்பிட்டாச்சுன்னு. நீங்க நம்பலைன்னா நான் என்ன செய்ய?"

"காலேஜ்ல படிச்சேன்ல, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தனை பேரும் அழுதுக்கிட்டு இருக்காக. நடுவுல எந்திரிச்சு, இல்லைங்க, நான் தின்னுட்டேன்னு சொல்லவா?"

"அப்ப சம்பளம் போட லேட்டுன்னது?"

"அது சும்மா. உங்கப்பாகிட்ட கவர்ல பத்து ரூபா கம்மியாத்தான் நீட்டுவேன். இனிமே சொன்னா என்ன." பின்னால் மிக்ஸி ஓடி நின்றது. குரலைத் தாழ்த்தினாள். "கூட வந்த ரெண்டு பேரையும் விசாரிச்சியா? இன்னும் கடைக்கு வாராளுகளா?"

"கேக்கலையேம்மா."

"அதைக் கேக்காம அங்க போயி வேற என்னத்தடி கேட்ட?"

பதில் இல்லை. நான் கேட்டதெல்லாம் என் அம்மாவைப் பற்றி, அதாவது என்னைப் பற்றி.

"சரி, விடு. மூலையில கருகினது இருந்தா ரெண்டு வாங்கிட்டு வா. உங்கண்ணன்கிட்ட சொல்லாத, சுகரு சுகருன்னு உசுரை வாங்குவான்."

மதுரை பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நான் திரும்பி நடந்தேன். அண்ணாச்சி என் டீ கிளாஸை எடுத்து அலசிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டியா?" என்றார்.