ஐந்தாவது புள்ளி

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது என் இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட் கையில் சிக்கியது. கறுப்பு அட்டை, பொன்னிற எழுத்து. உள்ளே ஒரு வரைபடம். நான்கு புள்ளிகள், அவற்றின் ஊடாக ஒரு நேர்க்கோடு. ஐந்தாவதாக ஒரு புள்ளி இருந்தது. அதை அழித்தவன் நான்.

இப்போது பிழைப்பு மென்பொருள் என்றாலும் படித்தது மெக்கானிக்கல். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள கார்பைடு டூலை வைத்து அலுமினியத்தில் மெல்லிய பள்ளங்கள் வெட்ட வேண்டும், இதுதான் எங்கள் புராஜெக்ட். ஃபீடைக் குறைத்தால் பரப்பு வழவழப்பாகும் என்பது பாடம். நான்கு முறை குறைத்தோம், அப்படியே நடந்தது. ஐந்தாவது முறை, ஆகக் குறைந்த ஃபீடில், சொரசொரப்பு சட்டென்று ஏறிவிட்டது.

ஒர்க்‌ஷாப் மாஸ்டர் டூலைக் கழற்றி லென்ஸில் பார்த்தார். "தம்பி, மூக்குல அலுமினியம் ஏறியிருக்கு பாரு. இப்ப வெட்டுறது டூல் இல்ல, அந்தக் கட்டிதான். கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டிப் பாரு." சமர்ப்பிக்க மூன்று நாள்தான் இருந்தது. நான் ஓட்டவில்லை.

அவர் சொன்னது சரி. அழுத்தமும் சூடும் சேரும்போது உலோகம் டூலின் முனையில் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்கிறது. அடுக்கடுக்காக வளர்ந்து, நிலைகொள்ளாமல் உடைகிறது. உடைந்ததில் கொஞ்சம் சீவலோடு போகும். மீதி, வெட்டிய பரப்பிலேயே அப்பிக்கொள்ளும். பெரிய டூலில் வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சின்ன டூலில் அது சுலபமில்லை. அரை மில்லிமீட்டர் டூல் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றினாலும் அதன் விளிம்பின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 31 மீட்டர்தான். 10 மில்லிமீட்டர் டூலுக்கு அந்த வேகம் வர 1,000 சுற்றே போதும்.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு கூர்மையான விளிம்பும் நுணுகிப் பார்த்தால் ஒரு வளைவுதான். எடுக்கும் தடிமன் அந்த வளைவின் ஆரத்தைவிட ரொம்பக் குறைந்தால் டூல் சீவாது, தேய்க்கும், உழும். ஒட்டிய உலோகம் அதை இன்னும் மொண்ணையாக்கும். ஃபீடைக் குறைக்கக் குறைக்க நல்லது என்ற பாடத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. எங்கள் புராஜெக்டில் அந்த எல்லையைக் காட்டியது ஐந்தாவது புள்ளி மட்டும்தான்.

அதை அளவீட்டுப் பிழை என்றுகூட நான் எழுதவில்லை. எழுதினால் யாராவது கேட்பார்கள். அட்டவணையில் அந்த வரிசையையே தூக்கிவிட்டேன். வைவாவில் நேர்க்கோட்டைப் பார்த்து "குட்" என்றார்கள். நன்றியுரையில் மாஸ்டர் பெயர் இல்லை. அவரைச் சேர்த்தால் அவர் சொன்னதையும் சேர்க்க வேண்டுமே.

இன்று ஆபீஸில் ஜூனியர்கள் கிராஃப் கொண்டுவருவார்கள். ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கும். "நாய்ஸ்தான் ப்ரோ, எடுத்துடலாமா?" "இருக்கட்டும், ஏன்னு முதல்ல பாரு" என்பேன். ரொம்பக் கறாரான ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பரணிலிருந்து இறங்கி, பென்சிலை எடுத்து, கோட்டின் இடது முனைக்கு மேலே அந்தப் புள்ளியை வைக்கப் போனேன். எவ்வளவு மேலே என்று நினைவில்லை. உத்தேசமாக வைத்தால் அதுவும் இன்னொரு பொய். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.