கண்டி மலைச்சாலையில் ஒரு மொரிஸ் மைனர்



கண்டிக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஏரி, பேராதனைப் பூங்கா, தேயிலைத் தோட்டம் என்று அடுக்குவார்கள். அவர்கள் யாரும் சொல்லாத ஒன்றை இந்த மாதம் உங்களுக்குச் சொல்கிறேன். அந்த ஊர்ச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்கள்! "காருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பின் இருக்கையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது நாம்தானே!

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி அக்குறணைப் பக்கம் போகும்போது ஜன்னலோரமாக உட்காருங்கள். வேன்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவில் உருண்டை முகத்தோடு, குட்டிக் கண்களோடு ஒரு கார் எதிரே வரும். அதுதான் மொரிஸ் மைனர். பச்சையோ சாம்பலோ, பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். 1961க்கு முந்திய வண்டி என்றால், கதவுக்குப் பக்கத்திலிருந்து சின்னக் கை ஒன்று நீண்டு, திரும்பப் போகிறேன் என்று சொல்லும். கல்யாண வீட்டார் பூ வைத்து அலங்கரித்து மணமக்களை ஏற்றி வருவதும் இந்த வகைக் கார்களில்தான்.

பார்வைக்குப் பாட்டி காலத்து வண்டி. ஆனால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பழைய மொரிஸின் தடதடப்பு சில வண்டிகளில் இருக்காது. சீரான, மெல்லிய ஜப்பான் சத்தம்தான் கேட்கும். முன்மூடியைத் திறந்தால் உள்ளே நிசான் எஞ்சினோ டொயோட்டா எஞ்சினோ உட்கார்ந்திருக்கும்!

இதைக் கேட்டவுடன் பழம்பொருள் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். மைனருக்குரிய எஞ்சினை எடுத்துவிட்டால் அது மைனரே அல்ல என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏனென்று கேட்டால், அந்தக் காரின் பிறப்புக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இன்று துருக்கியில் இஸ்மீர் என்று அழைக்கப்படும் ஸ்மிர்னாவில் 1906இல் பிறந்தவர். பின்னாளில் 'மினி' காரை உருவாக்கியவரும் இவரே. மைனருக்காக அவர் மனதில் வைத்திருந்தது இரு பக்கமும் படுத்தாற்போல் நீளும் நான்கு சிலிண்டர் எஞ்சின். அதற்கேற்ப முன்பகுதியை நல்ல அகலமாக அமைத்தார். கடைசியில் அந்த எஞ்சின் வரவில்லை. போருக்கு முந்திய மொரிஸ் எட்டு காரின் 918 சி.சி. எஞ்சினையே எடுத்துப் பொருத்தி, 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் வைத்தார்கள். ஆக, முதல் நாளே அது தனக்கென்று நினைத்த எஞ்சின் இல்லாத கார்தான்! கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு அந்த உருவமே பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம்.

அதன்பிறகும் சும்மா இருந்தார்களா? 1952இல் ஆஸ்டினின் 803 சி.சி. எஞ்சின் வந்தது. 1956இல் 948, 1962இல் 1098 என்று தொழிற்சாலையிலேயே மாறிக்கொண்டு வந்தது. முட்டை வடிவம் மட்டும் மாறவில்லை. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. நம் நாட்டிலும் இதே கார் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் சில காலம் ஓடியது. நம் அம்பாசடரும் மொரிஸ் குடும்பத்துப் பிள்ளைதான். அதற்கும் 1990களில் ஜப்பானின் இசுசு எஞ்சின் வந்ததே, அது அம்பாசடர் இல்லை என்று யாராவது சொன்னோமா?

இன்னொரு வேடிக்கை. நிசான் கம்பெனி 1952இல் ஆஸ்டினுடன் ஒப்பந்தம் செய்து, ஆஸ்டின் கார்களை ஜப்பானில் பொருத்திப் பொருத்தித்தான் தொழில் கற்றது. அந்த நிசானின் எஞ்சின் இன்று மைனருக்குள் ஏறியிருப்பது, மாணவன் ஆசிரியர் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டிக் கொடுப்பது போலத்தான்.

கண்டிக்காரர்கள் இதை ஆசைக்காக மட்டும் செய்யவில்லை. மலைதான் காரணம். 918 சி.சி. எஞ்சினுக்கு 27 குதிரைத்திறன் சுமாருக்குத்தான் வலு. வாப்பா, உம்மா, நாலு பிள்ளைகள், மேலே பெட்டி என்று ஏற்றிக்கொண்டு மலையேறினால் மூச்சு வாங்கும். முதல் கியருக்கு மாற்றுவதும் எளிதல்ல. வண்டி ஏறக்குறைய நின்றால்தான் முரண்டாமல் விழும். 1200 சி.சி. டாட்சன் எஞ்சினோ, 60க்கு மேல் குதிரைத்திறன் தரும். அத்துடன் வரும் ஜப்பான் கியர்பெட்டியில் எல்லாக் கியரும் வெண்ணெய் போல் விழும். இசிகோனிஸ் அன்று அகலமாக விட்ட முன்பகுதி இப்போது கைகொடுக்கிறது. புது எஞ்சின் தாராளமாக உட்கார்ந்துகொள்கிறது.

உதிரிப் பாகமும் ஒரு காரணம். 1970களில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. இருந்ததை வைத்து ஓட்டியாக வேண்டும். 1977இல் கதவு திறந்ததும் ஜப்பான் கார்கள் குவிந்தன. அவற்றின் பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் மலிந்தன. அங்கே வாங்கி வந்த எஞ்சினை, கராஜ் 'பாஸ்' தாங்கிகளை வெட்டி ஒட்டிப் பொருத்திவிடுவார். தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டின்கரிங் வேலையில் இலங்கையரின் கைத்திறன் இங்கிலாந்துவரை போயிருக்கிறது. பாத் நகரில் மைனர் கார்களுக்கென்றே நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் அதற்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து வாங்கினார். காரைத் தூக்கியெறியாமல் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து ஓட்ட வேண்டும் என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தின் அருமையை அண்மைக் காலம் காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டது. இடையில் 2022இல் பெற்றோலுக்கு வரிசை. காருக்கு வாரம் 20 லிட்டர் என்று பங்கீடு. அந்த நாட்களில் புதுக் கார் கனவிலும் இல்லை. வீட்டில் நின்ற பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டியவர்கள்தான் தப்பித்தார்கள்.

இனி ஒரு முக்கியமான விஷயம். இந்தக் கார்களைச் சுற்றி ஆண்கள் நின்று எஞ்சினை வியப்பார்கள். நீங்கள் பிரேக்கைப் பற்றிக் கேளுங்கள்! மைனரின் நான்கு சக்கரத்திலும் இருப்பது பழைய டிரம் பிரேக். 27 குதிரைத்திறனுக்கென்று செய்தது. எஞ்சினை இரண்டு மடங்காக்கிவிட்டு பிரேக்கை அப்படியே விட்டால் ஏறுவது சுகம், இறங்குவது ஆபத்து. மலை இறக்கத்தில் விடாமல் மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். நல்ல பாஸ் என்றால் எஞ்சினோடு முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டிருப்பார், இருக்கைப் பட்டியும் வைத்திருப்பார். சுற்றுலாவுக்கோ கல்யாணத்துக்கோ வாடகைக்குப் பேசுமுன், "நானா, முன்னுக்கு டிஸ்க்கா, டிரம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தப்பில்லை. வாங்க நினைக்கும் உறவினர் அங்கே இருந்தால், பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். பதியாத வண்டி அழகாக இருந்தாலும் தொல்லை.

இந்தக் கார்கள் படும் பாட்டைப் பார்க்க நல்ல இடம் கடுகண்ணாவை. கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர் சுமார். சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில் வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. பாறையைக் குடைந்த பழைய வழி ஒன்றும் அங்கே உண்டு. 1820களில் இந்தச் சாலையை அமைத்து, 1829இல் இறந்துபோன கேப்டன் டாசனுக்காக எழுப்பிய உயர்ந்த தூபி மேலே நிற்கிறது. பக்கத்திலேயே 2014இல் திறந்த ரயில்வே அருங்காட்சியகம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

திரும்பும்போது கவனியுங்கள். அனுபவமுள்ள ஓட்டுநர் அந்த இறக்கத்தில் வேகமெடுக்கவே மாட்டார். இரண்டாம் கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்க, உறுமலோடு வளைவு வளைவாக இறக்குவார். காலை பிரேக்கில் தொட்டுத் தொட்டு எடுப்பார். பாதியில் ஒரு தேநீர்க் கடை ஓரம் நிறுத்திச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கை வைத்துச் சூடு பார்ப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் இஞ்சி போட்ட ஒரு கோப்பை தேநீர் குடித்து, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.