இடது பக்கத்து ஸ்பீக்கர்

லண்டனிலிருக்கும் தாத்தாவின் மகன் நோன்புக்கு முந்திய வாரம் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, ஒரு சாமான் சிக்கியீக்கி. நீங்க ஓம் எண்டு ஒரு சொல்லுச் செல்லுங்க. மிச்சத்த நான் பாக்கிறன்."

சாமான் என்று அவன் சொன்னது ஹார்பெத் கம்பனியின் சூப்பர் எச்.எல்.5 வகை ஸ்பீக்கர் ஒரு சோடி. ஒருவர் பாவித்தது, ஆனால் கீறல் இல்லை. கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்து ஏழு இலட்சத்துக்குக் கிட்ட வரும். என்னிடமிருக்கும் பழைய சோடியை விற்றால் அதில் பாதியாவது தேறும் என்பதும் அவனது கணக்கு.

ஒரு கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொன்னேன். அந்தக் கிழமை ஐந்து மாதமாக நீண்டது.

என்னிடமிருப்பவை ரொஜர்ஸ் கம்பனி செய்த எல்.எஸ்.3/5ஏ. 1988இல் பஹ்ரைனில் வேலை செய்தபோது, நாட்டுக்குத் திரும்பவிருந்த ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளரிடமிருந்து இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினேன். ஊருக்கு வந்தவர்களெல்லாம் பெட்டி பெட்டியாகப் பெரிய செட்டுகள் கொண்டுவந்த காலம் அது. நான் ஓர் அடி உயரமுள்ள இரண்டு மரப்பெட்டிகளோடு வந்திறங்கினேன். வாப்பா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மத்தச் சாமான்கள் பின்னால லொறியில வருதா?" என்று கேட்டார்.

இந்தச் சின்னப் பெட்டிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. வெளிக்கள ஒலிபரப்புக்குப் போகும் வான்களுக்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை என்பதற்காக பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு 1970களின் முற்பகுதியில் இவற்றை வடிவமைத்தது. பிறகு பல கம்பனிகள் அனுமதி பெற்றுச் செய்து விற்றன. வானுக்குள் இருப்பவருக்கு அறிவிப்பாளரின் குரல் உள்ளபடி கேட்கவேண்டும். ஆகவே பிபிசிக்காரர்கள் மனிதக் குரலையே பெரிய அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். அந்த ஆராய்ச்சிப் பிரிவில் முக்கியமானவராக இருந்த ஹார்வுட் என்பவர் 1977இல் தொடங்கியதுதான் ஹார்பெத். அப்படிப் பார்த்தால் மருமகன் சொன்ன சோடி என்னிடமிருப்பதற்குச் சொந்தக்காரர்தான். கொஞ்சம் வசதியான சொந்தக்காரர்.

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெட்டிகள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது ஆச்சரியமாக இருக்கும். கித்துல்கலயில் வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. அலுமாரிக்குள் சேர்ட் பூஞ்சணம் பிடிக்கும், புத்தகம் ஊதும், சப்பாத்து பச்சையாகும். கடதாசிக் கூம்பும் அதைச் சுற்றி ஸ்பொஞ்சும் உள்ள ஸ்பீக்கர்கள் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துபோனதை நான் கண்டிருக்கிறேன். என்னுடையதில் கெஃப் கம்பனி செய்த ஐந்தங்குல யூனிட். அதன் கூம்பு பிளாஸ்டிக், சுற்றுவிளிம்பு செயற்கை இறப்பர். இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் அதுவும் பிழைத்துக்கொண்டது.

பிறகு ஏன் மாற்ற நினைத்தேன்? இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது ஒரு வெடிச் சத்தம். டேவிட் லீன் எடுத்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்தின் பாலம் எங்கள் களனி கங்கைக்குக் குறுக்கேதான் கட்டப்பட்டது. 1957 மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்துப் படம் பிடித்தார்கள். அன்று வாப்பா கடையில் நின்றிருந்தார். பலகைக் கதவுகள் கிடுகிடுத்து, தட்டிலிருந்த பிஸ்கட் டின் ஒன்று கீழே விழுந்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அந்தப் படம் ஏழு ஒஸ்கார் விருதுகளை வாங்கியது. வாப்பாவுக்கு அந்த டின்தான் பெரிது.

மருமகன் அனுப்பிய இறுவட்டில் அந்தக் காட்சியைப் பல தரம் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் பெட்டிகளில் பாலம் இடிகிறது. ஆனால் டின் விழாது. எழுபது எண்பது ஹேர்ட்ஸுக்குக் கீழே அவற்றால் அதிகம் பேச முடியாது. ஹார்பெத் நாற்பது வரை இறங்கும்.

கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் அறையின் நீளம் மூன்றரை மீட்டர். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதை நீளத்தின் இரண்டு மடங்கால், அதாவது ஏழால் வகுத்தால் 49. அந்த 49 ஹேர்ட்ஸில் முன்சுவரும் பின்சுவரும் ஒலியைப் பந்துபோல மாறிமாறி எறியும். சுவரோடு ஒட்டியிருப்பவருக்கு ஒரே உறுமல்; நடுவிலிருப்பவருக்கு ஒன்றுமில்லை. இப்போதுள்ள பெட்டிகள் அந்த இடம்வரை இறங்குவதில்லை என்பதால்தான் அறையின் குறை இத்தனை காலமும் வெளியே தெரியவில்லை. பெரிய பெட்டிகள் வந்தால் முதலில் பேசப்போவது அறைதான். அதோடு மேலே தகரம். ஐப்பசியில் மழை பிடித்தால் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்காது. ஏழு இலட்சத்தைக் கொடுத்து வாப்பாவின் டின்னை விழவைக்க முடியாது என்று விளங்கியது.

இரண்டாவது காரணம் இதைவிட வலுவானது. கொஞ்சக் காலமாக இடது பக்க ஸ்பீக்கர் மங்கலாகக் கேட்டது. நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு காரி அப்துல் பாஸித்தின் ஓதலைப் போட்டுக் கேட்பது என் வழக்கம். 1988இல் மறைந்த அந்த எகிப்தியரின் மூச்சைப்பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அவரது எழுத்துச் சுத்தம். சின்ன வயதில் ஓதப்பள்ளியில் லெப்பை 'ஸா'வுக்கும் 'ஸீன்'னுக்கும் வித்தியாசம் காட்டுவதற்காக எங்கள் வாய்க்கு முன்னால் பிரம்பை நீட்டிக்கொண்டு நிற்பார். நாக்கு நுனி மேற்பல் நுனியைத் தொட்டால் ஒன்று. பல்லுக்குப் பின்னால் விசிலடித்தால் மற்றது. அடி வாங்கிப் படித்த அந்த வித்தியாசம் இப்போது இடது பக்கத்தில் இல்லை. எல்லாம் ஒரே காற்றாகப் போனது.

ட்வீட்டர் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் உழைத்த சாமான். மருமகனுக்கு 'ஓம்' சொல்ல இது போதும். ஹார்பெத்தில் சாதாரண ட்வீட்டருக்கு மேலே, மிக நுண்ணிய சத்தங்களுக்கென்றே இன்னுமொரு ட்வீட்டர் வேறு இருக்கிறது.

விற்பதென்றாலும் பழுதைத் திருத்தித்தானே விற்கவேண்டும்? எங்கள் வீட்டு மின்வேலை பார்க்கும் தோட்டத்துத் தம்பியைக் கூப்பிட்டேன். அவருடைய தகப்பன் எங்கள் கடையில் கொப்பி வைத்துச் சாமான் வாங்கியவர். இவர் கொழும்பில் முதலாம் குறுக்குத் தெருவில் ரேடியோக் கடையொன்றில் ஆறு வருடம் தொழில் பழகியவர். வந்தவர் எதையும் கழற்றவில்லை.

"மொதல்ல வயர மாத்திப் பாப்போம் நானா" என்றார்.

அம்பிளிஃபயரில் இடது வயரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினார். கோளாறு அம்பிளிஃபயரில் என்றால் மங்கல் வலது பக்கம் போகவேண்டும். போகவில்லை. பிறகு பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தார். கோளாறு பெட்டியில் என்றால் இப்போதாவது போகவேண்டும். அப்போதும் இடது பக்கம்தான்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது" என்று தலையைச் சொறிந்தார். "செவுத்துல என்னமும் இருக்குமோ?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, என் கதிரையைத் தூக்கி மறுபக்கம் திருப்பிப் போட்டார். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார். இதுவரை இடது பக்கமிருந்த பெட்டி இப்போது என் வலது காதுப் பக்கம். அந்தப் பக்கத்துச் சுவரில்தான் பிழையென்றால் மங்கல் வலது காதில் கேட்கவேண்டும்.

இடது காதில்தான் கேட்டது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் வயர்களைப் பழையபடி மாட்டினார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கூலி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த மாதம் கொழும்புக்குப் போய்க் காதைச் சோதித்தேன். ஒலி புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, 250இலிருந்து 8000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாகக் கேட்கவைத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளை வாயைக் கடதாசியால் மறைத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னது. "காது" என்றேன். அது சொன்னது "காசு" என்று பிறகு தெரிந்தது.

வரைபடத்தில் 4000 ஹேர்ட்ஸில் வலது காது 35 டெசிபலில் நின்றது, இடது 60இல். பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு சக்தி என்பது ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்தவர்களுக்கு மனப்பாடம். 25 டெசிபல் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய முந்நூறு மடங்கு. இவ்வளவு பெரிய குறையை மரப்பெட்டியின் மேல் சுமத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு காது மட்டும் கூடுதலாக மங்கினால் வேறு நோய் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும் என்று வைத்தியர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அல்லாஹ்வின் உதவியால் அதில் ஒன்றுமில்லை. பிறகு என் தொழிலைப்பற்றி விசாரித்தார். பஹ்ரைனில் பதினொரு வருடம் ஜெனரேட்டர் அறையில் நின்றேன் என்றேன். எந்தப் பக்கம் இயந்திரம் என்று கேட்டார். நான் பார்க்கவேண்டிய மீற்றர்ப் பலகை எனக்கு நேரே. இயந்திரம் இடது பக்கம். அதுதான் காரணம் என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. வயதும் சேர்ந்திருக்கிறது என்றார். உட்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்பின் வாசலிலிருக்கும் மயிர்க்கலங்கள்தான் உச்சமான சத்தங்களைப் பிடிப்பவை. வாசலிலிருப்பவை முதலில் தேய்கின்றன. ஒருதரம் செத்தால் அவை திரும்ப முளைப்பதில்லை.

வரும் வழியில் பஸ்ஸில் ஒரு கணக்கு மனதில் ஓடியது. அந்த ஸ்பீக்கர்களை எனக்கு வாங்கித் தந்ததே ஜெனரேட்டர் அறைச் சம்பளம்தான். ஒரு கையால் தந்ததை மறு கையால் மெதுமெதுவாக எடுத்துக்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி அதிர்ச்சியடைவாள் என்று நினைத்தேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப நான் மூணு மூணு தரம் செல்லியதெல்லாம் உங்களுக்குக் கேக்கவே இல்லயா? கேட்டும் கேக்காத மாதிரி ஈக்கிறீங்க எண்டுதானே நான் நெனச்சிட்டு ஈந்த."

சாப்பாட்டு மேசையில் அவள் இருப்பது என் இடது பக்கம். மெள்ளப் பேசுகிற சுபாவம். எத்தனை வருடமாக, அவள் பேச்சில் பாதிக்கு நான் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறேன்! அவளும் நான் மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நாலாவது தரம் சொல்லாமல் எழும்பிப் போயிருக்கிறாள். பழைய சண்டைகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தேன். எவை உண்மையான சண்டை, எவை காதுச் சண்டை என்று பிரிக்க முடியவில்லை.

கேள்விக் கருவி இரண்டு காதுக்கும் நாலேகால் இலட்சம். அது மலிவுமில்லை. 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் ஏறிய பிறகு இந்த நாட்டில் வெளியிலிருந்து வரும் எதுவும் மலிவில்லை. ஆனால் முன்யோசனை இல்லாமலே மருமகனை எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவன் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "மாமா, அதுவும் ஸ்பீக்கர்தானே" என்றான். உண்மைதான். ஒரு மைக், ஓர் அம்பிளிஃபயர், பருப்பு விதை அளவில் ஒரு ஸ்பீக்கர். அறையின் நீளம் அதற்குப் பிரச்சினையில்லை.

அந்தக் கருவி எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டது என்று எழுதினால் பொய். முதல் நாள் பத்திரிகையைப் புரட்டியது தகரம் கிழிவதுபோல இருந்தது. குழாய்த் தண்ணீர் காதுக்குள் ஊற்றியது. மழை வந்தபோது கழற்றி வைத்துவிட்டேன். இசைக்கும் ஓதலுக்கும் அது இன்னும் ஒத்துவரவில்லை. குரலைப் பிழிந்து மெலிதாக்குகிறது. இரண்டு தடவை போய் மாற்றங்கள் செய்துகொண்டு வந்தேன். சில வேளைகளில் கருவியைக் கழற்றிவிட்டு, கதிரையை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, வலது காதை முன்னால் வைத்துக்கொண்டு பழையபடி கேட்கிறேன்.

ஆனால் மனைவியின் பேச்சு கேட்கிறது. "இனி நான் தனக்குத்தானே பேசவும் ஏலா" என்று சிரிக்கிறாள். மேசையில் அவள் வலது பக்கம் மாறியிருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் மாறினாள்.

பழைய பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றிடம் மன்னிப்புக் கேட்பதற்கில்லை; தூசு தட்டி வைத்தேன். அஸருக்குப் பிறகு, மழையில்லாத நாட்களில், கருவியோடு உட்கார்ந்தால் 'ஸா' ஒரு பக்கமும் 'ஸீன்' ஒரு பக்கமுமாகப் பிரிவது கேட்கிறது. எல்லா நாளும் இல்லை. கேட்கிற நாளில் லெப்பையின் பிரம்பும் ஞாபகம் வருகிறது.